மதினி நடக்குத வரைக்கும்

அக்டோபர் 4

வீடு வந்து சேர்ந்தேன். இடது இடுப்பில் ஒரு தகடும், அதைப் பிடித்துக்கொள்ளச் சில திருகாணிகளும் புதிதாகக் குடியேறியிருக்கின்றன. குளியலறையில் வழுக்கி விழுந்தது ஒரு நொடி. அதற்கு இத்தனை ஆர்ப்பாட்டம்.

கோயம்புத்தூரிலிருந்து ஓடி வந்த மகள் ஷைனி நாளை கிளம்ப வேண்டும், லீவு தீர்ந்துவிட்டது. ஆள் வைக்கிறேன் என்றாள், வேண்டாம் என்றேன். என்னோடு வாங்க என்றாள், அது சுத்தமாக வேண்டாம் என்றேன். அப்பா போன பிறகு இத்தனை வருஷம் தனியாக இருந்து காட்டிவிட்டீர்கள், போதும் என்று சலித்துக்கொண்டாள். நான் யாருக்கும் காட்டுவதற்காகத் தனியாக இருக்கவில்லை. பாளையங்கோட்டையில் பெண்கள் பள்ளிக்கூடத்தில் வேலை பார்த்து ஓய்வு பெறும்வரை நாற்பது பிள்ளைகளை ஒரே பார்வையில் உட்கார வைத்தவளுக்கு ஒரு வீட்டை நடத்தத் தெரியாதா?

கடைசியில் என்னைக் கேட்காமலே அவளுடைய சொர்ணம் அத்தைக்கு போன் போட்டுவிட்டாள். சொர்ணம் என் கணவரின் தங்கை. புருஷன் இல்லை. சாத்தான்குளத்தில் மகன் ஜெபராஜ் வீட்டில் இருக்கிறாள். நாளை காலை பஸ்ஸில் வருகிறாளாம்.

பயிற்சி கொடுக்க வரும் பிசியோதெரபி பெண் ஷீபா, வாக்கரைப் பிடித்துக்கொண்டு தினமும் எத்தனை அடி நடந்தேன் என்று எழுதி வைக்கச் சொன்னாள். அதற்காகத்தான் இந்த டைரி. அடிகளை எண்ணுவதில் எனக்கு ஆர்வமில்லை. வேறு ஏதாவது எழுதுகிறேன்.

அக்டோபர் 5

சொர்ணம் வந்தாள். கையில் ஒரு கட்டைப்பை, அவ்வளவுதான் சாமான். ஷைனியிடம் பீரோவில் ஒரு தட்டு காலி செய்து வைக்கச் சொல்லியிருந்தேன். காட்டினேன்.

"எதுக்கு மதினி? நீங்க நடக்குத வரைக்கும்தான. பையிலயே இருக்கட்டும்" என்று சொல்லிக் கட்டிலுக்கு அடியில் தள்ளிவிட்டாள்.

எனக்கும் அதுதான் சரி என்று பட்டது. விருந்தாளிக்கும் வீட்டுக்காரிக்கும் நடுவே ஒரு கோடு இருப்பது நல்லது.

அக்டோபர் 6

உப்பு ஜாடியை இடம் மாற்றிவிட்டாள். கேட்டால், அடுப்புக்குப் பக்கத்தில் இருந்தால்தானே கைக்கு வரும் என்கிறாள். என் கைக்கு இருபது வருஷமாக வந்துகொண்டுதான் இருந்தது.

குழம்பு நன்றாக இருந்தது. அதையும் எழுதிவிடுகிறேன்.

அக்டோபர் 10

மதுரைப் பதிப்பகத்திலிருந்து செண்பகராமன் போனில் பிடித்துவிட்டார். பிளஸ் ஒன் ஆங்கில கைடுக்கு மரபுத்தொடர்ப் பகுதி நான் எழுதித் தருவது வழக்கம். ஒவ்வொரு தொடருக்கும் பொருள், பிறகு ஓர் எடுத்துக்காட்டு வாக்கியம். இடுப்பு உடைந்தால் என்ன, கை நன்றாகத்தானே இருக்கிறது என்று நானே சொன்னேன்.

விழுவதற்கு முன்பே பாதி முடிந்திருந்தது. இன்று 'லீன் ஆன் சம்படி'. ஒருவர் மேல் சாய்வது. அதாவது, கஷ்ட காலத்தில் ஒருவரை நம்பி, அவர் துணையால் சமாளிப்பது. சுவரிலும் சாயலாம், ஆளிடமும் சாயலாம், பரீட்சையில் இரண்டாவதைத்தான் கேட்பார்கள். பொருள் எழுதியாகிவிட்டது. வாக்கியத்துக்கு, 'சுயமரியாதை உள்ளவர்கள் பிறர் மேல் சாய்வதில்லை' என்று ஆங்கிலத்தில் எழுதி அனுப்பினேன்.

மாலையில் திரும்பக் கூப்பிட்டார். "டீச்சர், இது எடுத்துக்காட்டு மாதிரி இல்ல, திட்டுற மாதிரி இருக்கு. பிள்ளைங்க படிச்சா பயந்துரும்." வேறு எழுதித் தருவதாகச் சொன்னேன். ஒன்றும் தோன்றவில்லை. அடுத்த தொடருக்குப் போய்விட்டேன்.

அக்டோபர் 16

சொர்ணம் துணி மடிப்பதைப் பார்த்தேன். சேலையைச் சுருட்டிச் சுருட்டி ஒரு செங்கல் அளவுக்குக் கொண்டுவந்துவிடுகிறாள். பைக்குள் அடங்க வேண்டுமே. எனக்குச் சேலை என்றால் நீளவாக்கில் மூன்றாக மடித்து, முந்தானை வெளியே தெரிய வைக்க வேண்டும். காலையில் எந்தச் சேலை என்று தேடாமல் பள்ளிக்கு ஓடிய காலத்துப் பழக்கம். என் சேலைகளையும் அவள் சுருட்டத் தொடங்கியபோது, நானே மடித்துக்கொள்கிறேன் என்று வாங்கிக்கொண்டேன்.

இன்னொன்று. வந்த புதிதில் அவள் கட்டிலின் ஓரத்தில் சுருண்டு படுப்பாள். இடம் இருக்கிறதே, நன்றாக நீட்டிப் படு என்றால், பழகிவிட்டது மதினி என்பாள். இன்று பேச்சுவாக்கில் சொன்னாள், மகன் வீட்டில் அவள் படுப்பது கிரைண்டருக்குப் பக்கத்தில், காலை நீட்டினால் கதவு இடிக்குமாம். குறையாகச் சொல்லவில்லை. வெண்டைக்காய் நறுக்கிக்கொண்டே, மழை வரும் போலிருக்கிறது என்கிற தொனியில் சொன்னாள். எனக்குத்தான் கோபம் வந்தது. யார் மேல் என்று தெரியாததால் வெண்டைக்காய் முற்றல் என்று குறை சொன்னேன்.

மதியம் கண்ணயர்ந்திருந்தாள். கால் நீண்டிருந்தது.

அக்டோபர் 25

ஷீபாவுக்கு மகிழ்ச்சி. எலும்பு நன்றாகச் சேர்கிறதாம். வாக்கரில் ஒரு கையை எடுத்துவிட்டு நடக்கச் சொன்னாள், நடந்தேன். சொர்ணம் கதவோரம் நின்று பார்த்தாள். கை தட்டுவாள் என்று நினைத்தேன். உள்ளே போய்ப் பாத்திரம் கழுவ ஆரம்பித்துவிட்டாள்.

நவம்பர் 2

சொர்ணம் கோயிலுக்கு ஜெபக் கூட்டத்துக்குப் போயிருந்தாள். அடுப்பில் சிறு தீயில் பால். நான் முன்னறையில் ஜன்னலோரம் கைடு வேலையில் இருந்தேன். பால் பொங்கும் சத்தம் கேட்டது. அடுத்த விநாடி அடுப்பை அணைத்துவிட்டு சமையலறையில் நின்றுகொண்டிருந்தேன். எப்படிப் போனேன் என்று எனக்கே தெரியாது. பதற்றத்தில் உடம்பு என்னென்னவோ செய்துவிடும். அதை நடை என்று கணக்கில் சேர்க்க முடியாது.

திரும்பி வந்து உட்கார்ந்துகொண்டேன். ஷீபாவிடம் சொல்லவில்லை. அந்தப் பெண் எதற்கெடுத்தாலும் அவசரப்படுகிறவள்.

சொர்ணம் வந்து, நுரை வழிந்த அடுப்பைத் துடைத்தாள். ஜன்னலோரம் நின்ற வாக்கரை ஒரு தடவை பார்த்தாள்.

நவம்பர் 3

காலையில் பார்த்தால் வாக்கர் சமையலறை வாசலில் நிற்கிறது. நேற்று ஜன்னலோரம் விட்டதாகத்தான் ஞாபகம். வயதாகிறது.

நவம்பர் 11

ஷீபா இன்று பொறுமை இழந்தாள். "டீச்சர், உங்க கால் ரெடி. இனிமே வாக்கர் காலுக்கு இல்ல, மனசுக்குத்தான். விட்டுருங்க" என்றாள். என் மாணவியாக இருந்திருந்தால் வெளியே நிற்க வைத்திருப்பேன்.

நான் பதில் சொல்வதற்குள் சொர்ணம் முந்திக்கொண்டாள். ராத்திரி மதினி வலி தாங்காமல் முனகினார்கள், ரெண்டு தடவை எழுந்து எண்ணெய் தேய்த்துவிட்டேன் என்று விவரமாகச் சொன்னாள். ஷீபா என்னைப் பார்த்தாள். நான் நேற்று இரவு நன்றாகத் தூங்கியதாகத்தான் நினைவு. எண்ணெய் வாசமும் இல்லை. ஆனால் தூக்கத்தில் மனிதர்கள் முனகுவதுண்டு. வலிதான் என்று நானும் சொன்னேன்.

இன்னும் கொஞ்ச நாள் வாக்கர் இருக்கட்டும் என்று முடிவாயிற்று. சாயங்காலம் சொர்ணம் கேட்காமலே பஜ்ஜி போட்டாள்.

நவம்பர் 14

மழை. பயிற்சி இல்லை. 'லீன் ஆன்' இன்னும் காலி.

நவம்பர் 20

நாளை எங்கள் கோயிலில் அசனம். வருஷத்துக்கு ஒருமுறை சபை மொத்தமும் ஒன்றாக உட்கார்ந்து சாப்பிடும் விருந்து. முந்தின நாள் மத்தியானமே பெண்கள் கூடிக் காய் நறுக்க வேண்டும். எனக்குப் பதிலாக சொர்ணத்தை அனுப்பினேன். இத்தனைக்கும் அவள் இங்கே புதிது. ஆனால் வாரா வாரம் கோயிலுக்குப் போய்வந்ததில் பாதிப் பேருக்கு அவள் 'சொர்ணம் அக்கா' ஆகிவிட்டாள். அருவாமனையைக் கையில் எடுத்துக்கொண்டு, கல்யாண வீட்டுக்குப் போகிறவள் மாதிரி போனாள்.

மூன்று மணி வாக்கில் வானம் கறுத்தது. மொட்டைமாடியில் துணி கிடந்தது. போர்வை, என் சேலைகள், அவளுடைய இரண்டு சேலை. நனைந்தால் கார்த்திகை மழைக்கு எப்போது காயும்? நாளை கோயிலுக்குக் கட்ட அவளிடம் வேறு நல்ல சேலை கிடையாது.

மழை தொடங்கும்போது துணியெல்லாம் கீழே நாற்காலியில் இருந்தது, மடித்தபடி.

சொர்ணம் நனைந்துகொண்டே ஓடி வந்தாள். நேரே மாடிப்படிக்குப் போனவள் நாற்காலியைப் பார்த்து நின்றாள். யார் எடுத்தது என்று கேட்டாள். பக்கத்து வீட்டுப் பெண் எடுத்துக் கொடுத்தாள் என்றேன்.

"நல்ல பிள்ள" என்று தலையைத் துவட்டினாள். பிறகு தன் சேலையைக் கையில் எடுத்துத் திருப்பித் திருப்பிப் பார்த்தாள். "உங்கள மாதிரியே மூணா மடிச்சு முந்திய வெளிய விட்ருக்கா பாருங்க மதினி."

கைடு வேலை நிறைய இருந்தது. எழுதப் போய்விட்டேன்.

நவம்பர் 21

அசனம் நன்றாக நடந்தது. சொர்ணம் கைத்தாங்கலாக அழைத்துப் போனாள். எல்லோரும் தரையில் பந்தியில் உட்கார, எனக்கு மட்டும் நாற்காலி, பக்கத்தில் வாக்கர். பாஸ்டரம்மா வந்து, சீக்கிரம் சுகமாக ஜெபிக்கிறோம் என்றார்கள். இலையைப் பார்த்துக்கொண்டு ஆமென் என்றேன்.

ஆட்டுக்கறிக் குழம்பு அருமை. சொர்ணம் பரிமாறினாள். வாய்விட்டுச் சிரித்தாள் இன்று. அவளுக்கு அப்படி ஒரு சிரிப்பு இருப்பதே எனக்கு இத்தனை வருஷம் தெரியாது.

நவம்பர் 26

ஜெபராஜ் போன் செய்தான். ஷைனியிடம் பேசினானாம், எனக்குக் கால் சரியாகிவிட்டதாக அவள் சொன்னாளாம். அவளுக்கு ஷீபா சொல்லியிருப்பாள். பிசியோதெரபி என்றால் வாய்க்கும் சேர்த்துத்தான் பயிற்சி போலிருக்கிறது. அவன் மனைவி மறுபடி வேலைக்குப் போகிறாள், குழந்தையைப் பார்க்க ஆள் இல்லை. அடுத்த வாரம் சனிக்கிழமை காரோடு வந்து அம்மாவைக் கூட்டிப் போகிறான்.

சொர்ணம் கேட்டுவிட்டு, "சரி, வரட்டும்" என்றாள். அவ்வளவுதான். ராத்திரிக் குழம்பில் உப்பு இரண்டு தடவை விழுந்திருந்தது. இரண்டு பேரும் சாப்பிட்டு முடித்தோம்.

நவம்பர் 27

நீ இங்கேயே இருந்துவிடேன் என்று சொல்ல எவ்வளவு நேரம் ஆகும்? ஆங்கிலத்திலும் தமிழிலும் சுத்தமாகச் சொல்லத் தெரியும் எனக்கு. காலை முழுக்க நாக்கு நுனியில் வைத்திருந்தேன். அவள் மாவு ஆட்டினாள், நான் பக்கத்தில் ஸ்டூல் போட்டு உட்கார்ந்திருந்தேன். கடைசியில் வாயிலிருந்து வந்தது, உளுந்து நன்றாகப் பொங்கியிருக்கிறது என்பதுதான்.

அவளே ஒரு பேச்சு எடுத்தாள். இங்கே இருக்கிறவரை ஏதோ கைக்கு வேலை இருந்தது, அதனால் சாப்பிடக் கூச்சமாக இல்லை என்றாள். "வேல இல்லாம ஒரு வீட்டுல ஒண்டிக்கிட்டு இருக்கது எனக்கு ஆவாது மதினி." அதற்குப் பிறகு நான் எப்படிக் கேட்பது? கால் சரியான பின் எந்த வேலையைக் காட்டி அவளை நிறுத்துவது?

நவம்பர் 30

உண்மையை எழுதிவிடுகிறேன். எனக்குப் பயமாக இருக்கிறது.

அவர் போன பிறகு வீட்டில் காலையிலிருந்து ரேடியோ ஓடும். கேட்பதற்கு இல்லை, ஒரு சத்தம் இருக்கட்டும் என்று. சொர்ணம் வந்த பிறகு அதைப் போடவே மறந்துவிட்டேன். இன்று துடைக்கும்போது அவள் கேட்டாள், இது ரிப்பேரா மதினி என்று.

நான் நடக்கிறேன். நன்றாகவே நடக்கிறேன். அவள் கடைக்குப் போகும்போதெல்லாம் வீடு முழுக்க நடக்கிறேன். அவள் செருப்புச் சத்தம் கேட்டதும் ஓடி வந்து வாக்கருக்குப் பக்கத்தில் உட்கார்ந்துகொள்கிறேன். இந்த வயதில், இந்த இடுப்பை வைத்துக்கொண்டு ஓடுகிறேன். வெட்கக்கேடு.

டிசம்பர் 5

ஜெபராஜ் பத்து மணிக்கு வந்தான். பழமும் ரொட்டியும் வாங்கி வந்திருந்தான். நல்ல பிள்ளைதான், மரியாதை தெரிந்தவன். கட்டிலுக்கு அடியிலிருந்த கட்டைப்பையை சொர்ணம் காலையிலேயே எடுத்து வாசலருகே வைத்துவிட்டாள். பீரோ தட்டு வந்த நாள் போலவே காலி.

அவன் என்னிடம், "நல்லாயிட்டீங்கன்னு ஷைனி சொன்னா, அத்தை" என்று ஆரம்பித்தான். நான் வாயைத் திறக்குமுன் சமையலறை வாசலிலிருந்து சொர்ணம் குரல் கொடுத்தாள்.

"எங்கல நல்லாயிட்டாங்க? வாக்கர் இல்லாம ஒரு எட்டு வைக்க முடியல. இன்னும் ரெண்டு மாசமாவது ஆவும்."

அவளைப் பார்த்தேன். அவள் என்னைப் பார்க்கவில்லை, சேலை முந்தியால் ஒரு டம்ளரைத் துடைத்துக்கொண்டிருந்தாள். காய்ந்துபோன டம்ளர்தான். அப்போதுதான் எனக்கு எல்லாம் விளங்கியது. சமையலறை வாசலுக்குத் தானாக நடந்து வந்த வாக்கர், நான் முனகாத முனகல், தேய்க்காத எண்ணெய். நான் நடிப்பது அவளுக்குத் தெரியும். நடிக்கத் தொடங்கிய நாளிலிருந்தே தெரியும். எனக்குப் பின்பாட்டுப் பாடிக்கொண்டிருந்திருக்கிறாள்.

ஜெபராஜ் வாக்கரைப் பார்த்தான், என்னைப் பார்த்தான். பிறகு, அதற்கென்ன, திருநெல்வேலியில் நல்ல நர்சிங் ஆள் கிடைக்கிறார்கள், கூடவே தங்கிப் பார்த்துக்கொள்வார்கள், தானே பேசி ஏற்பாடு செய்து தருகிறேன் என்றான். மனமாரத்தான் சொன்னான். ஒரு காலைப் பார்த்துக்கொள்ள ஓர் ஆள் போதும் என்பதில் என்ன தப்பு கண்டுபிடிக்க முடியும்? நாங்கள் இரண்டு பேரும் சேர்ந்து கட்டின பொய் ஒரே நிமிஷத்தில் படுத்துவிட்டது.

சொர்ணம் டம்ளரை வைத்துவிட்டு, வாசலில் இருந்த பையின் காதைப் பிடித்தாள்.

நான் எழுந்தேன். வாக்கரைத் தொடவில்லை. முன்னறையைத் தாண்டி, அவளையும் தாண்டி சமையலறைக்குள் போனேன். அவள் போட்டு வைத்திருந்த காப்பியை எடுத்துக்கொண்டு வந்து ஜெபராஜ் கையில் கொடுத்தேன். சிந்தவில்லை.

"எனக்குக் கால் சரியாகி ரொம்ப நாளாச்சு, ஜெபராஜ். ஆள் வேண்டாம்" என்றேன். குரல் வகுப்பில் வருகிற மாதிரி வரவில்லை. சொர்ணத்தின் பக்கம் திரும்பினேன். "எனக்கு நீ வேணும், சொர்ணம். வேலைக்கு இல்ல. வீட்ல நீ இருந்தா நல்லா இருக்கு. இரு."

அவள் பையை விடவில்லை. கண் கலங்கியது அவளுக்கா எனக்கா என்று தெரியவில்லை, இரண்டு பேருக்கும்தான்.

"இதக் கேக்க இத்தன நாளா மதினி?" என்றாள். "பால் பொங்குன அன்னைக்கே கேப்பியன்னு பாத்தேன்."

ஜெபராஜ் காப்பியைக் குடிக்காமல் கையில் வைத்திருந்தான். அப்போ வீட்டில் பிள்ளையை யார் பார்ப்பது என்று கேட்டான். பாவம், அவன் கஷ்டம் அவனுக்கு. சொர்ணம் அவன் தோளைத் தட்டினாள்.

"நர்சிங் ஆளு நல்லா கிடைக்குன்னு சொன்னியேல. உன் வீட்டுக்கு வெச்சுக்கோ." பிறகு குரல் இறங்கிச் சொன்னாள். "பிள்ளைய லீவுக்கு இங்க கொண்டாந்து விடு, நான் பாத்துக்கிடுதேன். கிறிஸ்மசுக்கு வாரேன். விருந்தாளியா வந்து, சாப்ட்டுட்டு, மறுநாள் வந்துருவேன்."

காப்பியைக் குடித்துவிட்டுப் போனான். காரில் ஏறுமுன், அம்மா, முன்னறையில் கட்டில் போடுகிறேன், வரும்போது அங்கே படுத்துக்கொள் என்றான். அவள் சரி என்றாள்.

டிசம்பர் 6

ஷீபா வந்தாள். வாசல்வரை போய்க் கதவைத் திறந்தேன். வாக்கரை மடக்கி எடுத்துக்கொண்டாள். வாடகைக்கு எடுத்தது, வேறு யாருக்கோ வேண்டுமாம்.

டிசம்பர் 9

கைடு முழுவதும் முடித்து அனுப்பியிருந்தேன். இன்று செண்பகராமன் கூப்பிட்டார். எல்லாம் பிரமாதம், ஒன்றே ஒன்று என்றார். 'லீன் ஆன்' தொடருக்கு நான் எழுதியிருந்த வாக்கியத்தைப் படித்துக் காட்டினார். 'எனக்கு நீ வேண்டும், போகாதே என்று மேரி தன் நாத்தனாரிடம் கேட்டாள்.'

"நல்லாத்தான் இருக்கு டீச்சர். ஆனா அந்தத் தொடர் வாக்கியத்துல எங்கயுமே வரலையே?"

எடுத்துப் பார்த்தேன். வரவில்லைதான். என் மாணவி யாராவது இப்படி எழுதியிருந்தால் முட்டை போட்டு, பக்கத்தில் இரண்டு கோடும் கிழித்திருப்பேன். அவசரத்தில் விட்டுப்போயிற்று என்று சொல்லி, போனிலேயே ஒரு வாக்கியம் சொன்னேன். பரீட்சைக்கு அது போதும்.

சொர்ணம் மார்க்கெட்டிலிருந்து வந்தாள். தக்காளியும் முருங்கைக்காயும் கீரையுமாகத் தூக்க முடியாமல் தூக்கி வந்து சமையலறையில் இறக்கினாள். அந்தக் கட்டைப்பையில்தான் வாங்கி வந்திருக்கிறாள். அப்படியானால் துணி எங்கே என்று பீரோவைத் திறந்து பார்த்தேன். என் சேலைகளுக்குக் கீழ்த் தட்டில் அவளுடைய சேலைகள் இருந்தன, மூன்றாக மடித்து, முந்தானை வெளியே தெரிய.